மூன்றாவது பேஸ்

"கண்ணைத் தொறக்காதலே. காதை மட்டும் வை" என்றான் லட்சுமிகாந்தம்.

பெத்தணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தலையில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் ஒரே மெட்டு மூன்று தடவை வந்து போனது. மூன்றும் பேஸ் கிட்டார் சத்தம். மூன்றையும் வாசித்தது கம்ப்யூட்டர். எங்கேயோ வெளிநாட்டில் ஒருத்தன் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறான். இங்கே கீபோர்டில் விரலை வைத்தால் அவன் கம்பி அதிர்கிறது. அந்த மாதிரி மூன்று கம்பெனிச் சரக்கை லட்சுமிகாந்தம் சோதித்துப் பார்க்க இறக்கி வைத்திருந்தான். எதை வாங்கலாம் என்று சொல்வதற்குத்தான் பெத்தணனை வரச் சொல்லியிருந்தான். பேஸ் விஷயத்தில் பெத்தணனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பதாம்?

இருவரும் ஒரே இன்னிசைக் குழு. கல்யாணம், கோவில் கொடை, கட்சி விழா என்று மேடை மேடையாக ஏறியவர்கள். காந்தம் கீபோர்டு, பெத்தணன் பேஸ். பகலில் காந்தம் பட்டாசு கம்பெனி ஆபீசில் கணக்கு பார்ப்பான். பெத்தணன் ஊர் ஊராகப் போய் காலண்டர் ஆர்டர் பிடிப்பான். இப்போது காந்தத்துக்கு ஒரு யோகம் அடித்திருந்தது. பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் பாட்டு போட்டுத் தரும்படி கோவில் கமிட்டி கேட்டிருந்தது. விஸ்வநத்தத்தில் தன் வீட்டு மாடி அறைக்குள் பழைய மெத்தைகளைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்து, ரெக்கார்டிங்குக்கு அவன் தயாராகிவிட்டான்.

பெத்தணனுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் எத்தனை வருஷம் வாசித்து என்ன பிரயோஜனம்? பேஸ் சத்தம் ஜனங்களின் நெஞ்சில் இடித்துவிட்டு அங்கேயே கரைந்து போகும். வாசித்தவன் யார் என்று ஒரு பயல் திரும்பிப் பார்க்க மாட்டான். இவன் வாசிப்பு இதுவரை ஒரு பாட்டில்கூடப் பதிவானதில்லை. இது பதிவாகும். வருஷா வருஷம் கோவில் ஸ்பீக்கரில் கேட்கும். காலண்டர் ஆர்டர் கொடுக்கும் காரியாபட்டி மளிகைக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டான். மனைவி மாரித்தாய் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

"முதல் ஆளு தகரம்" என்றான் பெத்தணன், கண்ணைத் திறக்காமலே. "ஒரே சுரத்தை நாலு தடவை அமுக்கிப் பாரு. நாலும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணுபோல வருது. மனுசன் விரலு அப்படியா விழும்? ரெண்டாவது ஆளு நகத்தால பிராண்டுறான், அம்மன் பாட்டுக்கு ஆகாது. மூணாவது ஆளு இருக்கான் பாரு... அவன் மூச்சு விடுறான்லே."

"அப்போ மூணாவதுதானா?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

அந்நேரம் பார்த்து வெளியே டமால் என்று ஒரு வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பட்டாசு கம்பெனிகள் சூழ்ந்த விஸ்வநத்தத்தில் இது தினப்படி பாடு. புது ஐட்டம் போட்டால் வெடித்துப் பார்க்காமல் எந்த முதலாளி டப்பாவில் அடைப்பான்? பொட்டலில் வைத்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். இப்போதைக்குப் பேஸைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு அதைத்தான் காந்தம் காரணமாகச் சொல்லியிருந்தான். பெத்தணனுக்குத் தன் பழைய ஸ்பீக்கர் பெட்டி வழியாக வாசித்தால்தான் வாசித்த மாதிரி இருக்கும். பெட்டிக்கு முன்னால் மைக் வைக்க வேண்டும். மைக் வைத்தால் வெடிச் சத்தமும் சேர்ந்து விழும்.

"ரஃபுக்குத்தாம்லே இது" என்றான் காந்தம். "பாட்டு முடிவானதும், வெடி இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமையாப் பாத்து நீ வந்து வாசி. கம்ப்யூட்டர் வாசிச்சதை அழிச்சுட்டு உன்னைய வச்சிருவேன். சரி, அந்த இளுப்பு ஒண்ணு இளுப்பியே, அதை இதுல எப்படிக் கொண்டு வாரது?"

பெத்தணனின் இழுப்பு குழுவில் பேர் போனது. பல்லவி முடிகிற இடத்தில் கீழேயிருந்து ஒரு சுரத்தை வழுக்கிக்கொண்டே மேலே கொண்டுபோய், டிரம்ஸ் அடி விழுந்து ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் உட்கார வைப்பான். கேட்கிறவன் தலை தானாக ஆடும். காந்தம் கேட்டதும் பெத்தணன் உச்சி குளிர்ந்துபோய், கொண்டு வந்திருந்த கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினான். விரலைக் காந்தம் செல்லில் படம் பிடித்தான். படம் பிடிக்கிறான் என்று தெரிந்ததும் நம்ம ஆள் தலைமுடியை வேறு கோதிவிட்டுக்கொண்டான்! கீபோர்டின் இடது ஓரத்தில் சத்தம் வராத சில கட்டைகள் இருந்தன. அதில் ஒன்றை அமுக்கிக்கொண்டு வாசித்தால் சுரம் வழுக்கும். அதைக் கண்டுபிடித்ததும் பெத்தணன்தான். "இப்போ இல்ல, இன்னும் கொஞ்சம் பிந்தி... ஆங், இப்போ விடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தன்னை மாதிரியே வாசிக்கிற வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தான்.

பெத்தணன் கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கி மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இன்னைக்கும் வெடிச்சுக்கிட்டே இருக்காக மாப்ள" என்று காந்தம் போனில் சொன்னான். அடுத்த ஞாயிறும் அதே பாட்டு.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு தானங்க?" என்றாள் மாரித்தாய், சோற்றைப் போட்டபடி. "யாரு வெடிக்கா?"

"உனக்கு என்ன தெரியும்? புது ஐட்டம் போடுற சமயம். லீவாவது ஒண்ணாவது" என்று எரிந்து விழுந்தான். கூட்டாளியை யாராவது ஒரு சொல் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. பெண்டாட்டியாகவே இருந்தாலும்.

ஆனாலும் அவள் கேட்டது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு போன் போடாமலேயே பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு விஸ்வநத்தம் போனான். வீடு பூட்டிக் கிடந்தது. வெம்பக்கோட்டையில் ஒரு விசேஷம், குடும்பத்தோடு போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். தெருவில் ஒரு கோழி நடந்துபோகிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு வெடி, ஒரே ஒரு வெடி, அன்றைக்கு அங்கே வெடிக்கவில்லை. விசேஷத்துக்குப் போனவன் என்ன செய்வான், போன் பண்ணாமல் வந்தது நம்ம தப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மாரித்தாய் முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கே வந்து, "வாசிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"ம். முடிஞ்சது" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? அந்தச் சிரிப்பு வாடுவதைப் பார்க்க மாட்டாமல் வாய் முந்திக்கொண்டது. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு வாசிக்கத்தானே போகிறோம், பொய் தானாகவே மெய்யாகிவிடும் என்று நினைத்தான். பாவி மனுசன், அந்த அளவுக்கு நம்பினான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குள் பங்குனிப் பொங்கல்தான் வந்தது.

கோவிலைச் சுற்றி ஜனம் நெரிந்தது. கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் திடீரென்று கற்பகவல்லியின் குரல். குழுவில் பாடுகிற பெண், பாட்டுப் புதுசு. பெத்தணன் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். பாட்டு முடிந்தே போயிருக்கிறது! கூப்பிடவே இல்லையே. பேஸ் எங்கே என்று காதைத் தீட்டினான். வந்தது. மூன்றாவது ஆள். பல்லவி முடிகிற இடத்தில் வழுக்கிக்கொண்டு ஏறி, டிரம்ஸ் அடி விழுந்து, இமைப்பொழுது பிந்தி உட்கார்ந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் தலையை ஆட்டினார்.

அப்போதும் பாருங்கள், அவன் மனசு கூட்டாளி பக்கம்தான் சாய்ந்தது. வெடி நின்றிருக்காது. கமிட்டிக்காரர்கள் அவசரப்படுத்தியிருப்பார்கள். காந்தம் என்ன செய்வான் பாவம்.

சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் நின்று, கற்பகவல்லி மட்டும் "தாயே..." என்று தனியாக நீட்டினாள். அந்த நீட்டலுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், டொம் என்று ஒரு சத்தம்.

கூட்டம் கவனிக்கவில்லை. வெடியிலேயே பிறந்து வளர்ந்த காதுகள், எப்படிக் கவனிக்கும்? பெத்தணனுக்குக் கேட்டது. விஸ்வநத்தம் பொட்டல் வெடி. மைக்கில் விழுந்திருக்கிறது. விழுந்தால் விழட்டும் என்று அதை அப்படியே வைத்துப் பாட்டைக் கொடுத்துவிட்டான் காந்தம். கற்பகவல்லி பாட்டில் வெடி விழலாம். பெத்தணன் வாசிப்பில்தான் விழக்கூடாதாம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கமிட்டி போர்த்திய சால்வையோடு காந்தம் ஸ்பீக்கர்காரர் பக்கத்தில் நின்றிருந்தான். இவனைப் பார்த்ததும் சால்வையை மெல்ல எடுத்துக் கையில் சுருட்டினான்.

"வெடிச் சத்தம்னு சொன்ன" என்றான் பெத்தணன்.

காந்தம் சால்வையை இன்னும் இறுக்கிச் சுருட்டினான். பிறகு, "நீ வாசிச்சா நல்லாத்தாம்லே இருக்கும். யாரு இல்லைன்னா? ஆனா ஒவ்வொரு வாட்டியும் எதையாச்சும் மாத்துவ. 'இங்கன இப்படிப் போட்டா என்ன காந்தம்'னு கேப்ப. நீ சொல்றதுதான் நல்லாவும் இருக்கும். கடைசில பாட்டு உன் பாட்டாப் போயிரும். ஒரு தடவையாச்சும் என் பாட்டா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றான்.

"அதை என் மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்லலே."

"சொல்லியிருந்தா அந்த இளுப்பைக் குடுத்திருப்பியா?"

காந்தத்தின் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால் என்ன என்று பெத்தணன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அதற்குள், "ஏங்க!" என்று மாரித்தாயின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"கேட்டீகளா மதினி? அந்த இளுப்பு இளுத்துச்சே, அது இவுகதான்! எம்புட்டுப் பாட்டுக்கு நடுவுல கேட்டாலும் எனக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கண்ணே, இவுகதான?" என்று காந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

காந்தம் பெத்தணனைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கில் எல்லாம் விளங்கிவிட்டது போலும். சட்டென்று, "ஆமா தங்கச்சி. மாப்ளதான் வாசிச்சான்" என்றான்.

பெத்தணனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. திருடினவனே அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டான். இனி எந்த வாயால் அவனைக் கேட்பது? சுருட்டிய சால்வையைப் பிரித்துக் காந்தம் இவன் தோளில் போட்டான். மாரித்தாய் கைதட்டினாள். சால்வை புதுசு, கழுத்தில் முள்ளாகக் குத்தியது.

"அதே பாட்டை இன்னொருக்காப் போடுங்கப்பா" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கத்தினார்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. மாரித்தாய் விரலை உதட்டில் வைத்துப் பேச்சியம்மாளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். மூன்றாவது ஆள் வந்தான், இழுத்தான், பிந்தி உட்கார்ந்தான். பெத்தணன் சால்வையோடு நின்றபடி சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்கிற அந்த இடத்துக்குக் காத்திருந்தான். கற்பகவல்லி "தாயே" என்று எடுத்தாள். தூரத்தில் டொம் என்று விழுந்தது.