நாலு சிலிண்டரும் ஒரு பால் கேனும்

லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று இன்னும் ஒருத்தர் வாயைத் திறந்தால் அறைந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் அதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது. நானூறு சிசி, நாலு சிலிண்டர், ஜப்பானில் செய்த பைக். மூடி மறைக்கிற பிளாஸ்டிக் தகடு எதுவும் இல்லாமல் எஞ்சின் முழுக்க வெளியே தெரியும். நாலு புகைக் குழாயும் முன்பக்கமாக வளைந்து இறங்குவதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பார்க்க வருகிறவர்களோ சுற்றி வந்து, சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதைத்தான் கேட்பார்கள். பதினெட்டு என்று சொன்னதும் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உச்சுக்கொட்டுவார்கள்.

வாங்கின வண்டி இல்லை அது. உதவி மானேஜராக வந்த சின்னதொரை ஒருத்தர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, ஒரு மழைநாளில் சேற்றில் சரித்து, அதற்குப் பிறகு தொடாமலே மாற்றலாகிப் போனார். பங்களா கராஜில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பெரியதொரையின் ஜீப் எஞ்சினை இறக்கி ஏற்றிக் கொடுத்தபோது, கூலிக்குப் பதில் அதைக் கேட்டேன். பழைய இரும்புக்குப் போட இருந்தோம், தள்ளிக்கொண்டு போ என்றார். அவிசாவளை கராஜில் வேலை பழகிய தைரியத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நாலு கார்புரேட்டரும் ஒரே அளவாக மூச்சு விட வேண்டும். ஒன்று பிந்தினாலும் வண்டி இருமும். அந்த இருமலை நிறுத்துவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நின்ற பிறகோ ஓட்ட ரோடு இல்லை. யட்டியாந்தோட்டைக்கு இறங்கும் தோட்டத்து ரோட்டில் கல்லுக்கும் குழிக்கும் நடுவே முதலாம் கியர், மிஞ்சினால் இரண்டாம் கியர். டவுனுக்குப் போனாலும், ஆறு கியர் உள்ள வண்டியில் நாலைத் தாண்டினதே கிடையாது. ராஜாவை வீட்டில் கொண்டுவந்து வைத்து மாவு அரைக்கச் சொன்ன மாதிரி.

என் அப்பா அருளப்பன் அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். "பின்னாடி ஒரு கேரியர் அடிச்சிடு. ரெண்டு பால் கேன் வைக்கலாம்" என்றார். அவர் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பால் கேன் இல்லாமல் அவருக்கு உலகமே இல்லை. தேய்ந்து கழித்துவிட்ட கேன்கள் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். தண்ணீர் பிடிக்க, மண்ணெண்ணெய் வாங்க, அரிசி கொட்டி வைக்க, பண்டிகைக்குக் கள்ளு கொண்டுவர எல்லாம் அதுதான். நான் கேரியர் அடிக்கவில்லை. அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் வரக்காப்பொலையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. கண்டி ரோட்டில் பைக் கடை வைத்திருந்த, எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற றஊப் நானா சொல்லியனுப்பியிருந்தார். யுத்தம் ஓய்ந்து சமாதானம் வந்து ரோடுகள் திறந்திருந்த இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. ஜப்பானிலிருந்து பாவித்த பழைய வண்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நாலு சிலிண்டர் வண்டிகளை மட்டும் பார்க்க அவருக்கு ஒருத்தன் தேவைப்பட்டான். நான் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். சர்டிபிகேட் ஒன்றும் கேட்கவில்லை அவர்.

"ஞாயித்துக்கெழம ஒங்கட வண்டியிலயே வாங்க தம்பி. நான் சத்தத்தக் கேக்கிறேன். தன்ட வண்டிய ஒழுங்கா வச்சுக்கொள்ளாதவன்ட கையில கஸ்டமர்ட வண்டியக் குடுக்க ஏலாது" என்றார்.

வேறு இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் தோட்டத்து ஸ்டோரில் இறப்பர் ஷீட் உருட்டுவதுதான் எனக்குக் கதி. அந்தப் புகையும் நாற்றமும் ஆயுசுக்கும் என் உடம்பை விட்டுப் போகாது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நாலு கார்புரேட்டரையும் கழற்றி, ஊதி, சரிபார்த்து மாட்டினேன். சனிக்கிழமை பின்னேரம் ஸ்டார்ட் செய்தபோது சீட்டில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை ஆடவில்லை. அவ்வளவு சீராக ஓடியது.

அன்றைக்கு அப்பா சொன்னார், "நானும் வாறேன்."

"நீங்க எதுக்குப்பா?"

"பேர் பதியப் போறப்ப பெத்தவன் இல்லாமலா?"

தோட்டத்து வழக்கம் அது. பிள்ளைக்கு வேலை கேட்டுப் பேர் பதிய, பெற்றவர்தான் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொரை முன்னால் கையைக் கட்டி நிற்க வேண்டும். என் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அவர் அப்படித்தான் நின்றார். நான் மட்டும் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று அவிசாவளைக்கு ஓடிப்போனவன். அந்தக் குறை அவருக்கு இருந்தது.

"அது பைக் கடைப்பா, தோட்டத்து ஆபீஸ் இல்ல."

"மொதலாளி இருக்காருல்ல? அப்ப பெத்தவனும் வரணும்."

அவரோடு வாதாடி ஜெயித்தவன் எங்கள் வீட்டில் இல்லை. விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலையில் அப்பா வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும் உடுத்தி, குடையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். பூசைக்குப் போகாததற்கு மாதாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டதாம். அம்மா தீர்த்தத்தைக் கொண்டுவந்து வண்டிக்கும் எங்களுக்கும் தெளித்தாள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்குக் கீழே இருந்த பெற்றோல் வாய் வரைக்கும் நிறைந்திருந்தது.

"தூரப் பயணம். அதான் நேத்து டவுனுக்குப் போயி வாங்கியாந்து வச்சு, விடிய ஊத்தி நெரப்பிட்டேன்" என்றார் அப்பா. சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "லீட்டருக்குப் பதினெட்டுன்னா, போயிட்டு வரப் போதும்ல?"

குசினி வாசலில் அவருடைய பால் கேன் கவிழ்த்து வைத்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. என் நெஞ்செல்லாம் வரக்காப்பொலையில் இருந்தது.

கரவனெல்லை தாண்டும் வரை அப்பா என் இடுப்பைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. அதற்குப் பிறகு ரோடு நன்றாக இருந்தது. கியரை ஏற்றினேன். மூன்று, நாலு, முதல் தடவையாக ஐந்து. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எட்டாயிரத்தைத் தொட்டபோது நாலு சிலிண்டரும் தனித்தனி என்பதை மறந்து ஒரே குரலாக எழுந்தன. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பின்னாலிருந்து அப்பாதான் கத்தினார்.

"மெதுவாடா! குடை பறக்குது!"

வரக்காப்பொலைக்கு நாலைந்து மைல்கட்டை இருக்கும்போது வண்டி ஒரு தடவை இருமியது. கேட்காத மாதிரி போனேன். மறுபடி இருமியது. பிறகு ஒரு சிலிண்டர் விட்டுப்போனது, கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. சோக்கை இழுத்தேன், நிறுத்தி ஆற விட்டுப் பார்த்தேன், வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அப்பா அதற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு சிலிண்டரில் தடதடவென்று நடுங்கிக்கொண்டு டவுனுக்குள் போய், கடைக்குச் சற்று முன்னால் அடியோடு நின்றுவிட்டது.

றஊப் நானா சத்தம் கேட்பதற்காகவே வாசலில் நின்றிருந்தார். நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, அப்பா பின்னால் வெள்ளைச் சட்டையோடு குனிந்து தள்ளினார். எனக்கு மானமே போனது.

"என்ன தம்பி, தள்ளிக்கொண்டா வந்தீங்க?"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு நானா. இப்பவே பாக்கிறேன்."

டேங்கை இறக்கினேன். காற்றுப் பெட்டியைத் தளர்த்தி, நாலு கார்புரேட்டரையும் ஒரே வரிசையாக வெளியே எடுத்தேன். என் கை வேகத்தை நானா பார்த்துக்கொண்டே இருந்தார். கடையில் இருந்தவர்களும் கூடிவிட்டார்கள். முதலாவதின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். பெற்றோலுக்குள் மங்கலாக ஏதோ கூழ் மாதிரி படிந்திருந்தது. நானா அதை இரண்டு விரலால் எடுத்து இழுத்தார். நூல் மாதிரி நீண்டு வந்தது.

"இது இறப்பர்" என்றார். "பெற்றோல்ல இறப்பர் கரையும். பஞ்சருக்குப் பூசுற சொலூஷனே அப்படித்தானே செய்யிற." மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இறப்பர்ப் பால் வச்ச சாமான்ல யாரோ பெற்றோல வச்சீக்காங்க. எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். கவிழ்ந்து கிடந்த அந்தக் கேன் என் கண் முன்னால் வந்து நின்றது. ராத்திரி முழுக்கப் பெற்றோல் அதற்குள் இருந்திருக்கிறது. எத்தனை வருஷத்துப் பால் அதன் மூலைமுடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்ததோ, அத்தனையும் கரைந்து என் வண்டிக்குள் போயிருக்கிறது. ஒரு வார வேலை! அந்த நிமிஷம் அந்த மனுஷனைக் குடையோடு தூக்கிக் கண்டி ரோட்டில் எறிந்தால் என்ன என்றிருந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தேன். உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியில் அப்பா உட்காரவில்லை. மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அண்ணனுக்காகத் தொரை முன்னால் நின்ற அதே நிலை. முகத்தில் கவலைதான் இருந்ததே தவிர, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்கிற யோசனை ஒரு துளி கூட இல்லை.

"சொல்லுங்க தம்பி, யாரு ஊத்தினது?"

அப்பாதான் என்று சொல்லியிருந்தால் வேலை எனக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் நானா" என்றேன்.

சொன்ன உடனேயே என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை அத்தனை பேர் நடுவில் மடையன் ஆக்க என்னால் முடியவில்லை.

றஊப் நானா கையைத் துணியில் துடைத்தார். "கை நல்ல கை, தம்பி. அதப் பாத்தேன். ஆனா இந்த வேல செய்றவன நம்பி நான் எப்படி வண்டிகளக் குடுக்கிற? கோவிச்சுக்கொள்ளாதீங்க."

அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார்.

"மொதலாளி, சின்னப் பய. தெரியாம செஞ்சுட்டான். இந்த ஒரு தடவ மன்னிச்சு, பேரப் பதிஞ்சுக்கங்க. இனிமே இப்படிச் செய்யாம நான் பாத்துக்கிறேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகினேன். நானா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். முடியாது என்றும் மரியாதையாகவே சொன்னார்.

டேங்கைக் கவிழ்த்துக் கழுவினேன். ஜெட் துளை ஒவ்வொன்றையும் ஊதி எடுத்தேன். வீடு போய்ச் சேர்கிற அளவுக்கு நானாவே நல்ல பெற்றோல் கொடுத்தார். ஸ்டார்ட் செய்தேன். முதல் தட்டிலேயே நாலும் பிடித்துக்கொண்டு அப்படியொரு சத்தம், சனிக்கிழமை கேட்டதைவிட நன்றாக. நானா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் நல்லாத்தான் ஈக்கி" என்றார். பிறகு கடைக்குள் போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் ருவன்வெல்லை வரைக்கும் அப்பாவின் பிடி என் இடுப்பில் தளர்ந்தே கிடந்தது. ஒருவேளை அவருக்கும் புரிந்திருக்கும், பாவம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபம் கொஞ்சம் இறங்கக்கூட ஆரம்பித்தது. அப்போது அவர் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஏன்டா ரெஜி, இத்தன வருசம் கராஜில வேல பழகின. பால் கேன்ல பெற்றோலு வைக்கிறதுன்னா நல்லாக் கழுவணும்னு தெரியாதா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"என்னயப் பாரு. சாம்பல் போட்டு, தேங்கா நார்ல தேச்சு, வெயில்ல காய வச்சுத்தான் நேத்து வாங்கப் போனேன். நான் ஊத்தின நல்ல பெற்றோலு உள்ள இருந்ததாலதான் அந்த மட்டுக்குமாவது வண்டி வந்துச்சு. இல்லன்னா கரவனெல்லையிலயே நின்னுருக்கும்."

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"கவலப்படாத" என்று முதுகைத் தட்டினார். "டேங்கு ரொம்பினதுக்கு மேல அரைக் கேன் மிச்சம் இருந்துச்சு. போத்தல்ல ஊத்தி அம்மாகிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன். போன உடனே ஊத்திரலாம்."

முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. நான் ஐந்திலிருந்து ஆறாம் கியருக்குத் தள்ளி, கையை முழுசாக முறுக்கினேன். நாலு சிலிண்டரும் ஒன்றாய்க் கத்தின. அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முதுகில் குடைப் பிடியால் குத்திக்கொண்டே வந்தது மட்டும் தெரிந்தது.