தூசி எந்த வழியாகப் போனது

அக்காவுக்கு ஆஸ்துமா என்று கண்டுபிடித்தவர் அப்பா. அவர் லாரி மெக்கானிக். வண்டி திணறினால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுபவர். டீச்சராக வேலை பார்க்கும் மகள் மாடிப்படியில் திணறியதும், "சாக்பீஸ் தூசி அடைச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தெருமுனை டாக்டரும் அப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டி இன்ஹேலர் எழுதித் தந்தார்.

இரண்டு வருடம் தூசியோடு போர் நடந்தது. திரைச்சீலைகள் போயின, பஞ்சுத் தலையணைகள் போயின, பூனையைச் சித்தி வீட்டுக்கு நாடு கடத்தினோம். திணறல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. மூன்றாம் மாடி வகுப்புக்கு அக்கா இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நேற்று கரும்பலகை முன்னாலேயே மயங்கி விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவள் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். "வீசிங் சத்தமே இல்லையே?" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதமாக வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்: "ஏம்மா, மண்ணு, ஐஸ்கட்டி, சாக்பீஸ்னு எதையாவது திங்கணும்போல இருக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து காட்டினாள். ஆறு சாக்பீஸ். ஒன்றில் பல் பதிந்திருந்தது.

"தினமுமா?"

"நாலஞ்சு. பரீட்சை நேரத்துல எட்டு."

அப்பாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. மூக்கு வழியாகப் போய்விடக் கூடாது என்று இரண்டு வருடம் அவர் காவல் காத்த பொருள், வாய் வழியாக ராஜபாட்டையில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் நாலரை. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

"இது ஆஸ்துமாவே இல்லைங்க. இரும்புச்சத்து சுத்தமா இல்ல, அதான் ரத்தம் ஊறல, அதான் மூச்சு வாங்குது. சாக்பீஸ் ஆசையும் அதனாலதான். எக்ஸ்ரேல இதயமே வீங்கியிருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." முடிக்காமல் அக்கா பக்கம் திரும்பினார். "பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும்?"

"பன்னண்டு," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

"பொம்பளைங்களுக்கு அப்படித்தானே டாக்டர்?" என்றாள் கூட வந்திருந்த அம்மா.

"இல்லம்மா. அப்படி இல்ல."

அம்மா அக்கா பக்கம் திரும்பினாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. போன வருஷமே சொன்னேன். அப்பா காதுல விழப்போகுது, மெதுவா பேசுன்னு நீதான் சொன்னே."

அம்மா அக்காவின் கைப்பையை மூடி வைத்தாள்.

"ரெண்டு பை ரத்தம் ஏத்தணும், இன்னிக்கே," என்றார் டாக்டரம்மா. "என்ன குரூப்?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கிரீஸ் படிந்த சட்டைக் கையை அப்பா தோள்வரை சுருட்டினார். "தெரியாதுங்க," என்றார். "எங்கிட்ட எடுத்துப் பாருங்க. சேரலைன்னா இதோ இவன்கிட்ட எடுங்க."