தடிக்காத முன்கை

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக எலிக்கூண்டு மாற்றுகிறவளை எல்லாரும் எலியக்கா என்றே கூப்பிட்டார்கள். முந்நூறு எலிகளில் எது கடிக்கும், எது மூலையில் ஒண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த வருடம் புதிய விதி வந்தது. எலியைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் பயிற்சி முடித்து, தடுப்பூசி போட்டு, ஒவ்வாமைச் சோதனைக்குப் பின் மருத்துவரின் அனுமதியும் வாங்க வேண்டும். இல்லையென்றால் எலி அறை கிடையாது.

பயிற்சி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எலியைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட வந்த பயிற்சியாளரையே ஒன்று கடித்துத் தொங்க, அவள்தான் விடுவித்தாள். தடுப்பூசிக்கும் கையை நீட்டிவிட்டாள். அவள் பயந்தது மூன்றாவதான ஒவ்வாமைச் சோதனைக்குத்தான். இரண்டு வருடமாகவே, கூண்டின் அழுக்கு மரத்தூளைக் கொட்டும் நாட்களில் அவளுக்கு அடுக்குத் தும்மல் வரும். வீடு சேர்வதற்குள் நெஞ்சு விசிலடிக்கும்.

"ஒவ்வாமைன்னு தெரிஞ்சா மாடிப்படி பெருக்க அனுப்பிடுவாங்கடி," என்று தங்கையிடம் புலம்பினாள்.

"அதுக்கு ஏன்க்கா மூஞ்சியத் தொங்கப் போடற? எனக்கு அரிப்புக்குக் குடுத்த மாத்திரை இருக்கு. முந்தின நாளே ரெண்டு போட்டுக்க. தோலு சத்தங்காட்டாம கெடக்கும்."

"உன் புருஷன் உனக்குப் பயப்படறதுல தப்பே இல்ல," என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

சோதனை நாளில் செவிலியர் அவள் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஐந்து சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி நுனியால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரம் போயிற்று. தோல் கல்லுளிமங்கனாகக் கிடந்தது. எலியக்கா மனதுக்குள் தங்கைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அளவுகோலோடு வந்த செவிலியர் புருவத்தைச் சுருக்கினார். "என்ன மாத்திரை போட்டீங்கக்கா?"

"நானா? தலைவலிக்குக்கூட ஒண்ணும் போட மாட்டேனே."

"இந்த அஞ்சாவது சொட்டு எலிக்கானது இல்லக்கா. யாருக்கு வெச்சாலும் தடிக்கும், எனக்கும் தடிக்கும். சோதனை சரியா நடக்குதான்னு பாக்கத்தான் அது. உங்களுக்கு அதுவும் தடிக்கலயே."

எலியக்கா அந்த ஐந்தாவது இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில், "ரெண்டு மாத்திரை போட்டேன்," என்றாள்.

செவிலியர் தாளில் 'சோதனை செல்லாது' என்று எழுதினார். "ஒரு வாரம் எதையும் போடாம வாங்க. மூச்சு போச்சுன்னா எலியா வந்து ஊதிவிடும்?"

மறுவாரம் எலிச் சொட்டு வைத்த இடம் கொண்டைக்கடலையாகப் புடைத்தது. எலியக்கா இந்த முறை எதையும் மறைக்கவில்லை. தும்மலையும் விசிலையும் வரிசையாகச் சொன்னாள். மருத்துவர் குழாயில் ஊதச் சொல்லி, நெஞ்சைக் கேட்டு, முடிவைச் சொன்னார்.

"காலையில ரெண்டு மணி நேரம் எலி அறை. முகத்துக்கு அளவெடுத்த முகமூடியோட. மூணு மாசத்துக்கு ஒருதரம் ஊதிக் காட்டணும். மூச்சு கொறஞ்சா அந்த ரெண்டு மணி நேரமும் கிடையாது. மரத்தூள் கொட்டற வேலை இனிமே உங்களுக்கு வேண்டாம்."

"வேற ஆள் கொட்டினா, தூளுக்குள்ள பதுங்கிக் கெடக்கிற குட்டியையும் சேத்துக் கொட்டிடுவாங்களே டாக்டர்."

"எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுங்க. கதவுக்கு வெளிய நின்னு."

முகமூடிக்கு அளவெடுக்க வந்தவரிடம் எலியக்கா முகத்தை நிமிர்த்திக் காட்டி, "நல்லா இறுக்கமாவே பாருங்க தம்பி," என்றாள்.