துடைக்கிற கை

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போய் நான் செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மகாவலி ஆறு பெருகினால் கடலாகிப் போகிற சமவெளியில் மிதந்தபடி, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறதென்று மணிக்கொரு இலக்கத்தை என் போனுக்கு அனுப்பும் மெஷினை வடிவமைத்தவள் நான், ஐறீன்.

மெஷினின் கண்ணாடியில் பாசி பிடித்தால் இலக்கம் பொய்யாக ஏறும்; தேய்த்துவிட்டால் விழும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து, தோணியில் போய்ப் பழைய பிரஷ்ஷால் அதைத் தேய்ப்பவர் அங்கே மீன்பிடிக்கிற ஸாலிஹ் நானா. இலக்கம் விழுந்ததா என்று எனக்குக் கோல் எடுத்துக் கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

கிழமைக்கொருமுறை ஒரு மனிதர் போகவேண்டுமென்றால் அது என்ன டிசைன்? எனக்கு ரோசம். மருதானையில் குட்டி மோட்டர் ஒன்று வாங்கி, தானாகத் துடைக்கிற கை செய்து, ஐப்பசியில் கொண்டுபோய்ப் பூட்டினேன். பழைய தரவோடு ஒத்துப்போக அதற்கும் வெள்ளி இரண்டு மணியே வைத்தேன்.

"அப்ப நம்மட வேல போயிட்டு, என்ன புள்ள?" என்று நானா சிரித்தார்.

அடுத்த மாதம் வெள்ளம். மெஷினை இறுக்கிக் கட்டிவிட்டு வருகிறேன் என்று செவ்வாய்க்கிழமை எனக்குக் கோல் எடுத்தார். கவனம் என்றேன். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போனவர் திரும்பவில்லை.

வெள்ளி பின்னேரம் அவருடைய மனைவி லுத்பியா ராத்தா, அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து கதைத்தார். "தங்கச்சி, நம்பர் விழுந்திச்சா?"

விழுந்துதான் இருந்தது. ஓம் என்று என் வாய் முந்திக்கொண்டது. அவர் அழுதுகொண்டே அல்லாஹ்வைப் புகழ்ந்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"ராத்தா, அது நானா இல்லை. மெஷின் தானாத் துடைக்குது."

ராத்தாவின் அழுகை நின்றது.

"அத நிப்பாட்டேலுமா?"

"ஓம்."

"அப்ப நிப்பாட்டுங்க. இனி விழுந்தா அவருதாண்டு எனக்குத் தெரியணும்."

மெஷினுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கையை நிறுத்தினேன்.

அடுத்த வெள்ளி போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு மணிக்கு நானூற்றுப் பதினெட்டு. மூன்றுக்கும் விழாமல் நானூற்று இருபது. ராத்தா கோல் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இலக்கமெல்லாம் பொய் என்று ஒபிசில் ஏசுகிறார்கள். பொய்தான். அந்தக் கையை நான் இன்னும் ஓடவிடவில்லை.