க்ளெப் ஏறி இறங்கிய வீடு

போர் முடிந்து, ரொட்டிக்கு ரேஷன் அட்டை முறையை எடுத்துவிட்ட குளிர்காலத்தில், வோல்காக் கரையிலுள்ள கார்க்கி நகரத்து மேட்டுத் தெருவில் குடியிருந்த க்ளெப் தரையை விட்டுக் கிளம்பினான். மெல்ல ஏறி, கூரைக்கு ஒரு முழம் கீழே வரை போய், அதே நிதானத்தில் இறங்கி, பாதம் தரையில் படப்போகும் நேரத்தில் மறுபடி ஏறினான். ஒருமுறை ஏறி இறங்க, ஸ்டவ்வில் கெட்டில் கொதிக்கும் நேரம் ஆனது. அவன் மோட்டார் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன். ஆளைக் காணோமே என்று தேடி வந்த தொழிற்சாலைக்காரர்கள், தரையிலிருந்து கூரை வரை சுவரில் தாள் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழே இருக்கும்போது லாரியின் சக்கரத்தையும் மேலே இருக்கும்போது அதன் கூண்டையும் வரைந்தான். வேலை முன்பைவிடச் சுத்தமாக இருப்பதாகத்தான் பேச்சு. அந்த வாரம் தெருவில் அதிகம் பேசப்பட்டது வெங்காய விலை இறங்கியதைப் பற்றி.

அவன் மனைவி ரிம்மா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். ஊசல், கடிகாரம், ரேடியோ வால்வு என்று தானாக ஆடிக்கொண்டே இருக்கும் பொருள்களின் கணக்குதான் அவள் பாடம். எந்த ஆட்டத்தைக் கண்டும் அசராதவள், சொந்தப் புருஷன் ஆடியதும் ஆடிப்போனாள். ஐந்து குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு அது. வீட்டு நிர்வாகி ஸாவெலி கயிறும் மணல் மூட்டையும் கொண்டுவந்தார். அந்தரத்தில் குடியிருக்க விதியில் இடமில்லையாம். மூட்டையைக் கட்டினால் க்ளெப் கொஞ்சம் தாழ்ந்தான், சாயங்காலத்துக்குள் மூட்டையோடு பழைய உயரத்துக்கே வந்துவிட்டான். பிடித்துக் கூரைவரை தள்ளினாலும் அதே கதைதான், இறங்கித் தன் அளவில் நின்றான். கடைசியில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்கள். உதடு நீலம் பாரித்தது. நாடி பிடித்த டாக்டரம்மா கத்தினார்: "அவுத்து விடுங்கய்யா! இந்த ஆளோட நெஞ்சு இவன் ஏறி இறங்குறதாலதான் அடிக்குது. இது நின்னா அதுவும் நின்னுரும்!" அவிழ்த்தார்கள். க்ளெப் மேலே போனான், கன்னம் மறுபடி சிவந்தது. ஸாவெலி குடித்தனக்காரர் பட்டியலில் 'உயரம் மாறும்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இவனை எது ஆட்டுகிறது என்று தெரிந்தால்தான் அது நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியும். ரிம்மா ஒற்றைக் காலில் நின்றாள். டிராம் போய்வருவதைப் பார்த்தாள், ஆலைச் சங்கைப் பார்த்தாள், ஸ்டேஷனில் ரயில்கள் ஊதுவதைப் பார்த்தாள். விட்டு விட்டு வரும் எதுவும் அவன் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. வகுப்பில் வாய் கிழியச் சொல்வதை வீட்டில் மறந்துவிட்டாள் பாவம். சுவர்க் கடிகாரத்தில் ஆடுவது ஊசல்தான், அதற்குத் தெம்பு தருகிற எடைக்கல் ஆடுவதில்லை. அது பாட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அந்த வீட்டில் அப்படி ஓயாமல் நடந்தது ஒன்றே ஒன்றுதான், அங்கே குடியிருந்த கிழவி அகாஃபியாவின் திட்டு. படகுத்துறையில் கப்பல் சங்குக்கு மேலே கத்திக் கத்தி வேலை வாங்கியவள். புருஷனைப் போரில் பறிகொடுத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். க்ளெப்பின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. "ஊர்ல ஆம்பளைங்கெல்லாம் தரையில நடக்குறாங்க, இங்க ஒருத்தன் ஒட்டடை மாதிரி தொங்குறான். ஏண்டி வாத்தியாரம்மா, மேல போறவன் கையில ஒரு தொடப்பத்தைக் குடுத்தா கூரையாவது சுத்தமாகும்ல?" இப்படி விடிந்ததும் ஆரம்பித்தால் தூக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவாள். குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் போல வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

தை மாதக் குளிரில் அர்ஸமாஸ் ஊரிலிருந்த தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று அகாஃபியா ரயிலேறினாள். வீடு நிம்மதியாக மூச்சு விட்டது. ரிம்மாவும்தான். இரண்டு நாளில் க்ளெப் மேசை உயரத்துக்கு மேல் போகவில்லை. பிறகு முக்காலி உயரம். பிறகு படுக்கைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கம்பளி நுழையும் இடம்தான் இருந்தது. "ரிம்மா, வீடு ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு அகாஃபியாவைக் கூட்டிவர ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அகாஃபியா வந்தாள். வந்ததுதான் வினை. நீலம் பாரித்துக் கிடந்தவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் கண்ணே, என் தங்கமே, இப்படி ஆயிட்டியேப்பா!"

க்ளெப் இன்னும் தாழ்ந்தான்.

"அத்தை, அழாதீங்க. திட்டுங்க!" என்றாள் ரிம்மா. "உங்க திட்டுலதான் அவர் இத்தனை நாளா மேல போனாரு."

"சாகக் கிடக்குறவனத் திட்டவா? நான் என்ன பேயாடி?" என்றவள், ரிம்மா விடாமல் கெஞ்சவே தொண்டையைக் கனைத்து, "சோம்பேறி... எழுந்திருடா" என்று தாலாட்டுப் பாடுவதுபோல் சொன்னாள். அவன் விரற்கடை எழும்பி, மறுபடி அமிழ்ந்தான். கிழவிக்குக் கோபம் மூட்ட வேண்டுமென்றே சமையலறை விளக்கை வீணாக எரியவிட்டுப் பார்த்தாள் ரிம்மா, அகாஃபியாவின் சோப்பைத் தேய்த்துத் தீர்த்தாள். அகாஃபியா லேசாக முனகினாள், க்ளெப் லேசாக அசைந்தான், அவ்வளவுதான். சின்னத் தள்ளல் செத்துப்போகும், ஒரு எல்லையைத் தாண்டித் தள்ளினால்தான் ஆட்டம் தானே பிடித்துக்கொள்ளும் என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள். எல்லை எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். பின்கட்டு நடையில் அகாஃபியாவின் பீப்பாய் நின்றது. இலையுதிர்காலத்தில் அவளே அரிந்து, உப்புப் போட்டு, கல் வைத்து அமுக்கிய முட்டைக்கோஸ். வசந்தம் வரைக்கும் அவளுக்கு அதுதான் சாப்பாடு. பஞ்சத்தில் பட்டினி கிடந்தவள், பசித்தவனுக்குத் தன் ரொட்டியைக்கூடக் கொடுத்துவிடுவாள், அந்தப் பீப்பாயின் மூடியை மட்டும் யாரையும் தொடவிட மாட்டாள். ரிம்மா அது பாவம் என்று தெரிந்தேதான் பீப்பாயை உருட்டிப் படிக்கட்டில் தள்ளினாள். மூன்று மாடிப் படியும் வெள்ளையாயிற்று. தெரு நாய்கள்கூட வந்தன.

அகாஃபியா படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "அடிப் பாவி! நாசமாப் போறவளே! என் வயித்துலயாடி அடிச்ச? படிச்ச மூதேவி, உன் கையில கட்டை மொளைக்க!" என்று ஆரம்பித்து ரிம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் தாயாரையும் பல்கலைக்கழகத்தையும் அங்கே சேர்த்துக்கொண்ட அதிகாரியையும் விடவில்லை. ஓகா ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விட்டதாக அக்கரைக்காரர்கள் சொன்னார்கள். அறைக்குள் தடாலென்று சத்தம் கேட்டது. க்ளெப்பின் தலை கூரையில் இடித்துக் காரை உதிர்ந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கூரைக்கு ஒரு முழம் கீழே என்ற தன் பழைய அளவுக்கு வந்து சேர்ந்தான். ரிம்மா திட்டு வாங்கிக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

வருஷங்கள் போயின. க்ளெப்புக்கு ஒரு மகள் பிறந்தாள், அவள் தரையில்தான் நடந்தாள். தனித்தனி வீடு கொடுத்தபோது அகாஃபியாவுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒதுக்கினார்கள். அவள் அலுவலகத்தில் போய்க் கத்தி, க்ளெப் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாங்கிக்கொண்டாள். புது வீட்டில் கூரை தாழ்வு. க்ளெப் அதற்குத் தக்கபடி தன் அளவைக் குறைத்துக்கொண்டான். சுவர் மெல்லியது, திட்டு நன்றாகக் கேட்டது.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெருநோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கேட்டவரை மன்னித்தாக வேண்டும். ரிம்மா வருஷா வருஷம் கேட்டாள், அகாஃபியா வருஷா வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வருஷம் அகாஃபியாவுக்குக் கபவாத ஜுரம் கண்டு, ரிம்மாதான் இரவு பகலாகப் பக்கத்தில் கிடந்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றிப் பிழைக்க வைத்தாள். ஜுரத்திலும் அகாஃபியா முனகலை விடவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்த வாரம் அந்த ஞாயிறு வந்தது. இந்த வருஷம் மன்னித்துவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். மன்னித்தால் திட்டு நின்று க்ளெப் இறங்கிவிடுவானே என்று ரிம்மா பயந்தாள், ஆனாலும் கேட்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க அத்தை" என்று குனிந்தாள்.

அகாஃபியா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று முறை முத்தமிட்டாள். கிழவியின் கண்ணீர் அவள் மூக்கில் வழிந்தது.

"கடவுள் மன்னிப்பாருடி" என்றாள். "நான் மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

சொல்லிவிட்டு, ரிம்மா சுட்டுவந்த பிளினித் தோசை இருந்த தட்டைப் பார்த்தாள். "இது என்ன, பிளினியா செருப்புத் தோலா? இத்தனை வருஷமாச்சு, ஒரு பிளினி சுடத் துப்பில்ல, இவ ஊருக்குப் பாடம் நடத்துறாளாம்!" குரல் தேறிவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் க்ளெப் மேலே போனான்.