கட்டைவிரலுக்குப் போன ஃபோகஸ்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. துனிசியாவின் பிஸெர்த் நகரில், பறவைப் படம் எடுக்கும் ஹெதியின் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். அவர் எடுத்த ஏரிப் பூநாரைகள் இறகு இறகாகத் தெளிவு. கோடைக் கடற்கரை, தர்பூசணி, மகளின் பள்ளி விழா என்று ஹெதி இருக்கும் படங்கள் எல்லாம் மங்கல்.

'தன் வாழ்க்கையிலேயே மங்கிப்போன மனிதர்' என்று ஆரம்பித்தேன்... (அடித்துவிட்டேன். மூன்றாம் தட்டு கூஸ்கூஸுக்குக் கை நீட்டுபவரை அப்படி எழுத முடியாது.)

2

விஷயம் இதுதான். படமெடுக்கும் மேல் பட்டனை அமுக்கினால் ஃபோகஸும் சேர்ந்து ஓடுவது பறவைப் படம் எடுப்பவருக்குத் தொல்லை. ஹெதி ஃபோகஸ் வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, கேமராவின் முதுகில் கட்டைவிரல் படும் பட்டனுக்குக் கொடுத்தார். அதன்பின் அவரை யார் படமெடுத்தாலும் மேல் பட்டனை மட்டும் அமுக்கினார்கள். அவர் மங்கினார்.

[ஏன் பழையபடி மாற்றவில்லை? மறதி என்று எழுதினால் பொய். வறட்டுப் பிடிவாதம். வீட்டார் கற்றுக்கொள்ளட்டுமே என்று.]

3

மகள் ஒல்ஃபா கனடாவுக்கு, மோந்த்ரியாலுக்குக் கிளம்பும் காலை. பெட்டிகள் வாசலில் இருந்தன. அவள் சோபாவில் அப்பாவை இழுத்து உட்காரவைத்தாள்.

"இந்தத் தடவையாவது உங்க மூஞ்சி தெரியணும் பாபா."

மனைவி ஃபௌஸியா கேமராவை எடுத்தாள்.

"பின்பட்டனைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தார் ஹெதி.

"உன்கூடக் குடித்தனம் பண்றது போதாதா ஹெதி, உன் கேமராகூடவும் பண்ணணுமா? பழையபடி மாத்திக் குடு."

"நாரைக்குக் காட்டுற அக்கறைல பாதி எனக்கும் காட்டுங்க," என்றாள் மகள்.

ஹெதி கேமராவை வாங்கி மெனுவைத் திறந்தார்.

4

ஒரு முடிவு: படம் மங்கலாகவே விழ, ஒல்ஃபா அதை நெஞ்சோடு... வேண்டாம், சர்க்கரை தூக்கல்.

இன்னொன்று: ஃபௌஸியா கட்டைவிரல் வித்தையை ரகசியமாகக் கற்றுக்கொண்டு... அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

5

அந்த மெனு ஹெதிக்குக் கண்ணை மூடினாலும் வரும். ஆனாலும் தேதி, ஒலி, மொழி என்று வேண்டாத பக்கங்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"டாக்சிக்காரர் கூப்பிடறார் பாபா."

"இரும்மா. கிடைக்க மாட்டேங்குது."

படம் எடுத்ததும் மகள் எழுந்துவிடுவாள். தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பது தேடும்வரைதான். ஃபௌஸியா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நிதானமாத் தேடு," என்றாள்.

இதுவரைதான் ஹெதி என்னிடம் சொன்னார். அந்தக் காலைப் படம் சுவரில் இல்லை. கேட்டதற்கு என் தட்டில் இன்னொரு கரண்டி கூஸ்கூஸ் வைத்தார்.

இனி என் பாடு. ஹெதி இப்போது மெனுவின் சரியான வரியில் நிற்கிறார். உறுதிசெய்யும் பட்டன் ஒன்றுதான் பாக்கி. அமுக்கினால் அவர் முகம் தெளிவாக விழும், ஒல்ஃபா பெட்டியைத் தூக்குவாள். எனக்கு மனம் வரவில்லை. கேமராவை உங்களிடம் தருகிறேன். டாக்சி வெளியே நிற்கிறது.