டெய்லர் நெஞ்சில் ஒரு உளவாளி

மைத்துனர் தலைகுனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, டெய்லர் கடைக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்புக்குள் போன். மனைவி.

"என்ன, புகையா?"

டெய்லர் சிகரெட், போன் இரண்டையும் அணைத்தார்.

போன மாதம் நெஞ்சு படபடத்ததற்கு ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். நெஞ்சில் ஒட்டிய பட்டையைக் குட்டிக் காந்தத்தால் கவ்விக்கொண்டு, இதயத் துடிப்பை நர்ஸின் திரைக்கு அனுப்பும். துடிப்பை மட்டுமா? டெய்லருக்குச் சந்தேகம். முப்பது வருடமாகப் பொத்தான் வைத்தவருக்கு ஒரு பொத்தானே வத்தி வைக்கிறது!

"மாப்ள, இத இன்னைக்கு நீ ஒட்டிக்கோ."

"எதுக்கு மாமா?"

"உண்மை பேசுதா, வம்பு பேசுதான்னு பாக்கணும்."

மதியம் நர்ஸ் பதறிப் பேசினார். "சார், துடிப்பு தாறுமாறா இருக்கு. உடனே வாங்க."

டெய்லர் போனை வைத்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? எனக்குத் துடிப்பு தாறுமாறாம்! நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். பில்லு போடப் பயமுறுத்துறாங்க! சும்மாவா சந்தேகப்பட்டேன்?"

சொல்லிக்கொண்டே திரும்பினார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டே நூல் கோக்கிற மைத்துனரின் கை, ஊசிக் காதைத் தேடித் தடுமாறியது. வியர்வை துணியில் சொட்டியது.

"காலையிலேருந்தே ஒரு மாதிரி இருக்கு மாமா. ஆர்டர் முடியட்டும்னு..."

கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு டெய்லர் அவரைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"நல்லவேளை, வந்தீங்க" என்ற டாக்டர், அடுத்த மூச்சில் வெளுத்து வாங்கினார். "உங்க கருவிய அவருக்கு ஒட்டினா, உங்க நெஞ்ச யாரு சார் பாக்குறது?"

சாயங்காலம் மைத்துனர் கட்டிலிலிருந்து முனகினார். "மாமா, சிகரெட் விஷயத்த அக்காகிட்ட சொன்னது அந்தக் கருவி இல்ல. நான்தான்."

டெய்லர் முறைக்கப் பார்த்தார். கண் கலங்கியதால் முறைப்பு சரியாக அமையவில்லை.

"நீ மொதல்ல எந்திரிச்சு வா. அப்புறம் உன்னக் கவனிச்சுக்கறேன்." நர்ஸிடம் திரும்பினார். "ஏம்மா, இது வேற என்னல்லாம் சொல்லும்?"

"துடிப்பு மட்டும்தான் சார். முதல் நாளே கேட்டிருக்கலாமே?"

டெய்லர் புதுப் பட்டை வாங்கி நெஞ்சில் ஒட்டினார். பொத்தான் 'டக்'கென்று கவ்வியது.

"கேட்டிருக்கணும்மா. சந்தேகம் வந்தா வாயத் தொறந்து கேட்டுடணும். கேக்காம கழட்டி வச்சா சந்தேகம் பொழச்சுக்கும், ஆளு பொழைக்க மாட்டான்."